நூலுக்கு நல்ல காற்று... ஆளுக்குத் தும்மல்!

ஹச்!

காலை மணி 9.35. முதல் தும்மல் கேஷியர் அண்ணன் உபயம். இரண்டாவது பில்லிங் செக்‌ஷனிலிருந்து. மூன்றும் நாலும் என்னுடையவை. எனக்கு எப்போதும் ஜோடியாகத்தான் வரும். பத்தேகாலுக்குள் ஆபீஸ் மொத்தமும் சுருதி சேர்ந்துவிடும்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்கே எழுதினேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? ஆள்வாரியாக லெட்ஜர் திறந்து, ஒவ்வொரு தும்மலுக்கும் வவுச்சர் நம்பர் போட்டு, சாயங்காலம் டோட்டல் போட்டால் 114! தும்மியவர்கள் பதினோரு பேர். (மேனேஜருடையதைச் சேர்க்கவில்லை. அவர் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு தும்முவார். அதை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் வைத்தேன்.)

இது நடந்தது 2023 மார்ச்சில். கோவை அவிநாசி ரோட்டில், முகம் பூராவும் கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடி. ஆபீஸ் பெயர் வேண்டாம்; அங்கே எனக்கு இன்னும் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். பத்திரிகைகளுக்கு எழுத வருவதற்கு முன்னால் நான் அங்கே அக்கவுண்டன்ட். ஊருக்கெல்லாம் மாசி என்றால் கோனியம்மன் தேர். எங்களுக்கு மாசியும் பங்குனியும் இயர் எண்டிங். பழைய ஃபைல் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்குவோம். கூடவே ஏழெட்டு வருஷத்துத் தூசும் இறங்கும்.

தும்மலுக்குக் காரணம் என்ன? ஆளுக்கொரு தியரி. கேஷியர் அண்ணன், "இலவம் பஞ்சு வெடிச்சுப் பறக்குதல்லோ, அதானுங்க" என்பார். பில்லிங்கில் ஒருவர், "மேனேஜர் நம்மளைத் திட்டிட்டே இருக்கார்" என்பார். மேனேஜருக்கு ஒரே பதில்தான். "வெதர் சேஞ்ச்ப்பா."

வெதர் உள்ளே வந்தால்தானே சேஞ்ச் ஆவதற்கு? எங்கள் ஹாலில் ஆறு ஜன்னல்கள். ஆறையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். தூசு வருகிறது, சத்தம் வருகிறது, ஏ.ஸி. குளிர் வெளியே போகிறது என்று மூன்று காரணங்கள். 2021-ல் கோவிட் பயத்தில் மட்டும் அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். அடுத்த வருஷம் பயம் போனது, ஸ்க்ரூ திரும்பி வந்தது.

இதுவரை சிரித்துவிட்டேன். அந்த மார்ச்சில் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

எங்கள் செக்‌ஷனில் புதிதாக ஓர் அம்மிணி சேர்ந்திருந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்து கிராமத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். முதல் வேலை, முதல் சம்பளம். டேலியில் அவள் விரல் ஓடுகிற வேகத்துக்கு எங்களில் யாரும் ஈடு கிடையாது. ஆனால் நாளைக்கு நாலைந்து தடவை எழுந்து மொட்டை மாடிப் பக்கம் போவாள். பத்து நிமிஷம் கழித்துத்தான் வருவாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார். "செல்போன் கேஸ்" என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒருநாள் சிகரெட்டுக்காக (இப்போது விட்டுவிட்டேன்) மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்குகின்றன. கையில் நீலநிற இன்ஹேலர். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

"அண்ணா, யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்ணா. வீட்ல வரன் பாத்துட்டிருக்காங்க..."

இன்ஹேலரைப் பற்றி நம் ஊரில் இருக்கிற பயம் இருக்கிறதே! பழக்கமாகிவிடும், கடைசிக் கட்ட மருந்து, பரம்பரைச் சீக்கு என்று. உண்மையில் மாத்திரையில் மருந்து மில்லிகிராம் கணக்கில் உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக அங்கேயே போகிறது. மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ. இதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை, அப்போது எனக்கே தெரியாது. சிகரெட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

மார்ச் 31-க்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் வேலையை விட்டுவிட்டாள். மேனேஜர், "ஸின்ஸியாரிட்டி போதாது" என்றார். அவளுடைய பேங்க் ரீகன்ஸிலியேஷன் என் தலையில் விழுந்தது. அதுவும் ஜோடியாகத்தான்.

அப்புறம்தான் ஒரு சனிக்கிழமை என் அப்பா ஆபீஸுக்கு வந்தார். நான் மறந்த டிபன் பாக்ஸைக் கொடுக்க. கேஷியர் அண்ணனும் அவரும் ஒரே ஊர்ப்பக்கம் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷம்கூட இருக்காது. மேலே பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஏ.ஸி.க்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இந்தக் காத்து எங்கிருந்து வருது?"

"ஏ.ஸி.லிருந்துதாங்கப்பா."

"ஏ.ஸி.க்கு எங்கிருந்து வருது?"

"..."

"மில்லுல நூலுக்கே காத்து மாத்துவாங்க. இங்க மனுசனுக்கு மாத்தறதில்லையா?"

அப்பா கோவை மில் ஒன்றில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. ஆனால் எங்கள் பதினோரு பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றியதில்லை. சுவரில் தொங்குகிற ஸ்ப்ளிட் ஏ.ஸி. வெளிக்காற்றைக் கொண்டு வருகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி, நடுவில் குழாய்... காற்று அது வழியாகத்தானே வரும்? இல்லை. அந்தக் குழாயில் போய்வருவது குளிரூட்டும் வாயு. அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் உள்பெட்டி இழுத்து, குளிர வைத்து, திரும்பத் துப்புகிறது. காலையில் கேஷியர் அண்ணன் விட்ட மூச்சைத்தான் சாயங்காலம் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ஜில்லென்று.

இதில் ஒரு வேடிக்கை. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரே மனுஷனுக்காகப் பிறந்ததில்லை. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் இயந்திரத்தை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்கு. ஈரத்தில் காகிதம் ஊதிப்போய், ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காரவில்லையாம். பெயர் வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் ஒரு பஞ்சாலை இன்ஜினீயர்! அமெரிக்காவின் வட கரோலினாவில், 1906-ல். நூலுக்கு ஈரம் ஏற்றுவதை மில்களில் 'கண்டிஷனிங்' என்பார்கள். காற்று மூலமாக அதைச் செய்வதால் 'ஏர்' சேர்ந்துகொண்டது. மனிதன் குளிர்ந்ததெல்லாம் அப்புறம்தான்.

கோவைக்காரனுக்கு இது புரியாமல் போனால் வேறு யாருக்குப் புரியும்? 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக மில்கள் முளைத்த ஊர் இது. பஞ்சாலைகளுக்கென்று சிட்ரா ஆராய்ச்சி நிலையம் 1956-லிருந்து இங்கேதான் இருக்கிறது. ஸ்பின்னிங்கில் காற்றின் ஈரப்பதம் 55, 60 சதவீதம் என்று வைத்திருக்கப் பார்ப்பார்கள். குறைந்தால் நூல் அறுந்துபோகும், பஞ்சு பறக்கும். அதற்கென்று ஹ்யூமிடிஃபிகேஷன் பிளாண்ட். வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, தண்ணீர்த் திவலையில் கழுவி உள்ளே தள்ளுவார்கள். பழைய காற்றை மெஷினுக்கு அடியில் இருக்கிற கால்வாய் வழியாக உறிஞ்சுவார்கள். ரிங் ஃப்ரேமுக்கு மேலே தும்பிக்கை தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கிளீனர் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நூலுக்கு அவ்வளவு உபசாரம்.

ஆளுக்கு? அப்பா இருந்தது புளோ ரூம். பஞ்சுப் பொதியை முதன்முதலாகப் பிரித்து அடிக்கிற இடம். அங்கே பிளாண்ட் இருந்ததும் பஞ்சுக்காகத்தான். சின்ன வயசில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா தெம்பாக இருப்பார். திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தால் திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பார். புதன், வியாழன் சரியாகிவிடும். "திங்கக்கெழமைன்னா அப்படித்தான்" என்பாள் அம்மா, ஏதோ ராகுகாலம் மாதிரி. அது பிஸினோஸிஸ் என்ற நோயின் முதல் அடையாளம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பஞ்சுத் தூசியால் வருவது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்குவது. 1700-லேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, சணல் நார் அடிக்கிறவர்களின் இருமலைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவே 1978-ல்தான் பஞ்சுத் தூசிக்குக் கறாரான உச்சவரம்பு போட்டது.

ஆகவே காற்றைப் பற்றி அப்பா கேள்வி கேட்டால் நான் அடக்கமாகக் கேட்டுக்கொள்வேன்.

ஏ.ஸி. சர்வீஸ் பண்ணும் நண்பன் ஒருவனிடம் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் இருந்தது. கைக்கடக்கமான பெட்டி. அதை இரவல் வாங்கி மேஜையில் வைத்தேன். மொட்டை மாடியில் 430 காட்டியது. பத்து லட்சத்தில் அத்தனை பங்கு என்று அர்த்தம். ஹாலில் காலை பத்துக்கு 900. பன்னிரண்டுக்கு 1,900. சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு 2,300. அந்த அளவில் அது விஷமெல்லாம் இல்லை. ஆனால் 1,000-த்தைத் தாண்டினால் காற்று மாறவில்லை என்பதற்குச் சாட்சி. காற்று மாறவில்லை என்றால் தூசும், பூஞ்சையும், பக்கத்து ஸீட்டின் ஜலதோஷமும்கூட மாறவில்லை. மூன்று மணிக் கொட்டாவிக்கு நாங்கள் மெஸ் சாம்பாரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். பாவம் சாம்பார்.

அக்கவுண்டன்ஸியில் முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. எங்கள் ஹாலில் பற்றும் இல்லை, வரவும் இல்லை. உட்கார்ந்து வேலை செய்கிற ஓர் ஆள் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். பதினோரு பேர், எட்டு மணி நேரம்: 1,584 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றரை! இன்னொரு கணக்கும் போட்டேன். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் புது ஆலைகளில் ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. எங்கள் ஹால் முப்பதுக்கு இருபது, ஃபால்ஸ் சீலிங் வரை ஒன்பது அடி. வகுத்தால் ஆளுக்கு 13.9. பீரோக்களைக் கழித்தால் இன்னும் குறையும். ஆபீஸுக்கு அந்தச் சட்டம் கிடையாது என்பதால் பிழைத்தோம்.

இந்தக் கூத்து கோவையில் மட்டும் இல்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் கரண்டை மிச்சம் பிடிக்க அமெரிக்காவில் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள். 1981-ல் அங்கே ஏ.ஸி. இன்ஜினீயர்கள் சங்கம், சிகரெட் புகையாத ஆபீஸில் ஆளுக்கு நிமிஷத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. ஆபீஸ் ஆபீஸாகத் தலைவலி, கண் எரிச்சல், தும்மல். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். 'நோய்க் கட்டடம்' என்று பேரே வைத்தார்கள். 1989-ல் அதே சங்கம் 20 கன அடியாக்கியது. இன்றைக்கு அவர்கள் கணக்குப்படி சாதாரண ஆபீஸுக்கு ஆளுக்குச் சுமார் 17 கன அடி வருகிறது. எங்கள் பதினோரு பேருக்கு 187. அதாவது அரைமணிக்கு ஒரு தரம் ஹால் காற்று முழுக்க மாற வேண்டும்.

"ஸிம்பிள், ஜன்னலைத் திற!" என்றார் கேஷியர் அண்ணன். திறந்தோம். மீட்டர் 700-க்கு இறங்கியது. தும்மல் 140-க்கு ஏறியது!

மாசி, பங்குனியில் கொங்கு நாட்டுக் காற்று சும்மா வராது. காய்ந்த காற்று, மண்ணும் மகரந்தமும் சேர்ந்து வரும். இங்கே இலவம் பஞ்சுக்கு ஒரு வக்காலத்து. அது கண்ணுக்குத் தெரிவதால் பழி வாங்கிக்கொள்கிறது. இலவம் பூவின் மகரந்தத்தைச் சுமப்பது வௌவால். காற்றில் அதற்கு வேலையில்லை. பளிச்சென்று பூக்கிற பெரும்பாலான மரங்கள் பூச்சியையோ பறவையையோ நம்பிப் பிழைப்பவை. தும்மல் போடவைப்பது பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஜாதி: புல், கீரைக் குடும்பத்துக் களைகள், சவுக்கு, சீமைக் கருவேலம். காலி மனை தோறும் தலை காட்டுகிற பார்த்தீனியமும் உண்டு. 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட வேற்று நாட்டுச் செடி. இப்போது சைட் வாங்குபவருக்கு முன்னால் அதுதான் பால் காய்ச்சுகிறது.

மகரந்தத் துகள் பெரும்பாலும் 10-லிருந்து 100 மைக்ரான். நம் தலைமுடி 70 சொச்சம். அது ஜன்னல் வழியாக மட்டும் வருவதில்லை. சூலூரிலிருந்து பைக்கில் வருகிறவர் சட்டையிலும் தலையிலும் சுமந்துகொண்டு வருகிறார். வந்து ஃபேனுக்கு அடியில் நின்று உதறுகிறார்! உள்ளே தயாராக இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது: கார்பெட்டிலும் சோஃபாவிலும் குடியிருக்கும் தூசுப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிர்வதுதான் அதன் சாப்பாடு. நமக்கு அலர்ஜி அதன் கழிவால். இன்கிரிமென்ட் கேட்காமல் ஆபீஸில் தங்கியிருக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

"காத்தை உறிஞ்சாதே கண்ணு, தள்ளோணும்" என்றார் அப்பா. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலிருந்தும் வடிகட்டாத காற்று வரும். ஒரே இடத்தில் ஃபில்டர் வைத்து, ஃபேனால் உள்ளே தள்ளினால் ஹால் லேசாக உப்பி நிற்கும். இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசு உள்ளே வராது. மில் பாடம்.

மேனேஜரிடம் போனோம். "கரண்ட் பில்லை யார் கட்டறது?" எதிர்பார்த்ததுதான். நான் ஒரு ஸ்டேட்மென்ட் நீட்டினேன். மார்ச்சில் பதினோரு பேர் எடுத்த சிக் லீவ், அலர்ஜி மாத்திரைத் தூக்கத்தில் தப்பாகப் போட்ட என்ட்ரிகள், அவற்றைத் தேட ஆன ஓவர்டைம். கடைசி வரியாக, வேலையை விட்ட அம்மிணிக்குப் பதில் ஆள் எடுத்துப் பழக்க ஆன செலவு. அந்த வரியில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். "அந்தப் பொண்ணுக்கு என்ன?" என்றார். ஆஸ்துமா என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

நண்பனே செய்து கொடுத்தான். தகரப் பெட்டி, முன்னால் வலை, உள்ளே மெர்வ்-13 ஃபில்டர், பின்னால் குழாய்க்குள் சுழலும் ஃபேன். அந்த ஃபில்டர் 3 மைக்ரானுக்கு மேல் உள்ளதில் நூற்றுக்குத் தொண்ணூறையாவது பிடித்துவிடும். மகரந்தமெல்லாம் அதற்குக் கொசு மாதிரி. ஆசையில் இதே ஃபில்டரை ஸ்ப்ளிட் ஏ.ஸி.யில் வெட்டி ஒட்டிவிடாதீர்கள். அதன் ஃபேனுக்கு அவ்வளவு தம் கிடையாது, மூச்சுத் திணறும்.

முதல் நாளே ஒரு கூத்து. பெட்டியை முன்பக்க ஜன்னலில் வைத்திருந்தோம். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஹால் பூரா டீசல் நாற்றம்! நேர் கீழே ஜெனரேட்டர். மறுநாள் பெட்டி பின்பக்கம் போனது.

மீதி வேலைக்கு அதிகக் காசு ஆகவில்லை. ஏ.ஸி. வலையைக் கழற்றினால் கம்பளி மாதிரி உரிந்து வந்தது. "ஒரு போர்வை நெய்யலாமுங்க" என்றார் அப்பா. தண்ணீர் சொட்டுகிற தட்டில் பச்சையாகப் பாசி; கழுவினோம். ஆயா காலையில் ஃபேனைப் போட்டுவிட்டு விளக்குமாற்றால் கூட்டுவார். அதைச் சாயங்காலத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னோம். கார்பெட் கோடவுனுக்குப் போனது. ரூம் ஸ்ப்ரே நிறுத்தம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்குத்தான் பெரிய போராட்டம். கேஷியர் அண்ணன் கடைசியில் சாமி படத்தையே படிக்கட்டுப் பக்கம் மாற்றி வைத்தார். ஏர் பியூரிஃபையர் ஒன்று வாங்கலாமா என்று பேச்சு வந்தது. ஹெபா ஃபில்டர் உள்ளது தூசையும் மகரந்தத்தையும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் கரியமில வாயுவைப் பிடிக்காது, புதுக்காற்றும் தராது. வாங்கவில்லை.

மறுவருஷம் மார்ச்சில் திரும்ப லெட்ஜர் திறந்தேன். மூன்று மணிக்கு மீட்டர் 950. தும்மல் 31. அதில் ஆறு என்னுடையவை. கரண்ட் பில் ஏறத்தான் செய்தது. வெளிக்காற்றையும் குளிர வைக்க வேண்டுமே. மேனேஜர் மாதா மாதம் அந்த பில்லை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார், ஒன்றும் சொல்லாமல்.

காற்று வரும் கிரில்லில் அப்பா ஒரு முழம் நூலைக் கட்டிவைத்திருந்தார். ஆடினால் காற்று வருகிறது. தொய்ந்தால் ஃபில்டர் அடைத்துக்கொண்டது, மாற்று. ஐந்து காசு செலவில்லாத மீட்டர்.

அந்த மாதமே அம்மிணி வந்தாள், எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் வாங்க. கல்யாணம் ஆகியிருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையின் வெளி ஜிப்பிலேயே நீல இன்ஹேலர் தெரிந்தது. மேலே பார்த்தாள்.

"அதென்னங்ணா, நூலு?"

"காத்து வருதான்னு பாக்கறதுக்கு."

கொஞ்ச நேரம் அது ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருசம் முன்னாடி கட்டியிருக்கலாமுங்களே" என்றாள்.